ஒன்பதாவது செயலி

காலை பதினொன்று பத்து. மேடைமேல் நீள மேஜையில் பன்னிரண்டு கைபேசிகள். அவற்றில் ஒன்பதாவதில் இருந்த செயலியை எழுதியவள் அமிர்தவல்லி; மூன்றாவது வரிசையில், அப்பாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். கெஸ்ட்ரா என்ற அந்தப் புதுக் கைபேசியை அன்றுவரை வெளியார் யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, அவளும்தான். போனைச் செய்வது அந்த நிறுவனம், போனுக்குள் ஓடப்போகிறவற்றைச் செய்வது வெளியே இருக்கிற நூறு சின்னக் கம்பெனிகள் என்பது ஏற்பாடு. அதனால் ஒரு வருஷமாக அவள் தொட்டதெல்லாம் கணினித் திரையில் போன் மாதிரி வரைந்திருந்த ஒரு படம், அதையும் மவுஸால். இன்னும் கண்ணால் பார்க்காத மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிறாய் என்று கணவன் ஜோயல் கேலி செய்வான். ஜோயல் இன்று லீவு போட்டுவிட்டு வேளச்சேரி வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறான், மீன் கிடையாது, முட்டை கிடையாது, எண்ணெய்க் கத்திரிக்காய், பருப்புருண்டைக் குழம்பு, மாமா சாப்பிடுவாரா என்று காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டான். சாப்பிடுவார் என்று அவள் சொன்னாள். அப்பா அப்படிச் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போகலாமா என்று நேற்றுத் தாம்பரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கேட்டாள், "பாக்கலாம்" என்றுவிட்டு ராத்திரி தாம்பரத்திலேயே ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டார். நான்கு வருஷம் பேசாமல் இருந்த மனிதர் சொல்லும் பாக்கலாம் என்பது ஒரு பெரிய சொல். அதைக் கீழே போட்டுவிடாமல் தூக்கிக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள். இன்னும் ஒரு மணி நேரம். ஏ.சி. காலுக்குள் ஏறுகிறது. அப்பா வேட்டியை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டார். மேடையில் பேசுகிறவனைக் காட்டி, "அவன் கன்னத்துல என்ன, கொசுவா?" என்றார். "மைக்குப்பா." "கைய ரெண்டையும் சும்மா வச்சிருக்கானே, ஒரு கையில புடிச்சா என்ன?" அவள் சிரித்தாள். அவரும் உதட்டோரத்தில் கொஞ்சம். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மூன்றாவது செயலி வரைக்கும்.

மூன்றாவது, டாக்டரிடம் நேரம் குறித்து வைக்கிற செயலி. மேடைக்காரன் போனைத் தொட்டான், பின்னால் சினிமாத் திரை அளவுக்கு இருந்த வெள்ளைத் துணியில் அது விரிந்தது. நோயாளி பெயர் என்ற இடத்தில் டெஸ்ட் டெஸ்ட் என்று இருந்தது. வயது 999. அரங்கம் சிரித்தது, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரிந்த சிரிப்பு, நானும் அப்படி வைத்தவன்தான் என்கிற சிரிப்பு. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றுவிட்டது, வாய் திறந்தபடி இருக்க உள்ளே ஒன்றும் வரவில்லை. நம்முடையதில் என்ன பெயர் இருக்கிறது. கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. முருகேசன், தந்தை, மாதிரிப் பெயர், ஆடி தேய்பிறை ஏகாதசி, அழகாக நிரப்பி வைத்தாயே, வெறும் திரை மேடையில் எடுபடாது, மாதிரித் தகவலோடு அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டதற்காகத் திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து நிரப்பினாயே. ஆமாம். அது இருக்கும். ஆனால் நேற்று ஒரு தடவை மறுபடி அனுப்பச் சொன்னார்கள். முதலில் அனுப்பியது பாதியில் நின்றுவிடுகிறது என்று. காலையிலேயே அதைச் சரி செய்துவிட்டாள், ஆனால் அனுப்புகிற நேரத்தில் அவள் ஆபீசில் இல்லை, தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் இருந்தாள், ஒரு கையில் அப்பாவின் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், ஆபீசிலிருந்து முதலாளி தமீம் பாய் கத்தினார், "உன் மிஷின்ல எந்த ஃபோல்டர்மா?" அப்பா அவளுக்குப் பின்னால் போகாமல் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்திருந்தார், பஸ் நிற்கிற ஒழுங்கைப் பார்க்க. மாயவரம் டெப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர், எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் அவருக்கு ஒரு தப்பு கிடைக்கும். அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஃபைனல்னு இருக்கும் பாய்." ஃபைனல் என்றுதான் இருக்கும். ஃபைனல் என்று ஒன்று. ஃபைனல் ரெண்டு என்று ஒன்று. முருகேசன் இருப்பது ரெண்டில். ஒன்றில் இருப்பது, ஒன்றில் இருப்பது என்ன என்று அவளுக்கு உடனே தெரிந்தது, தெரிந்ததை ஒரு நிமிஷம் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள், சூடான தம்ளரைக் கீழே வைக்க இடம் தேடுகிற மாதிரி. ஒன்றில் இருப்பது அப்பா.

திதிச் செயலி அது. இறந்தவர் பெயர், உறவு, இறந்த தேதி, நேரம் கொடுத்தால் எந்த மாதம் எந்தப் பிறை எந்தத் திதி என்று கணக்கிட்டு, ஒவ்வொரு வருஷமும் அது எந்தக் கிழமையில் வருகிறது என்று ஒரு வாரம் முன்னால் சொல்லும். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது செத்திருக்க வேண்டும். ஐந்து பேர் ஆபீசில் அதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. உயிரோடு இருப்பவர் பெயரை அந்தக் கட்டத்தில் தட்ட ஒருத்தருக்கும் கை வரவில்லை, பகுத்தறிவு பேசுகிறவன்கூட விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். தமீம் பாய்தான், "என் பேரப் போட்டுக்கங்கப்பா, எங்களுக்குத் திதியே கெடையாது, ஒட்டாது" என்றார். மூன்றாம் நாள் வந்து, "எடுத்துருங்க, வீட்ல ரெண்டு நாளா சோறு போடமாட்டேங்கறா" என்றார். அதற்குப் பிறகு நாற்காலி இறந்தது, மேஜை இறந்தது, ஸ்டேப்ளருக்கு மாசி அமாவாசை வந்தது, பிரிண்டருக்குத் துணைவியாக ஜெராக்ஸ் மிஷின் முந்திக்கொண்டாள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஸ்டேப்ளர் என்ற பெயர் குட்டையானது, அதுதான் காரணம் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நீளமான தமிழ்ப் பெயர் வந்தால் அந்தப் போன் படத்தில் எழுத்து எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. சிதம்பரநாதன். எட்டு எழுத்து, நடுவில் ம்ப, கடைசியில் புள்ளி, பார்க்க அதைவிட நல்ல பெயர் கிடைக்காது. எழுத்துக்காகத்தான். எழுத்துக்காகத்தானா? வெங்கடசுப்பிரமணியன் அதைவிட நீளம். மீனாட்சிசுந்தரம் என்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். தேதி என்ற கட்டத்தில் கை தானாக 2-7-2006 என்று தட்டியது, அதற்கு எழுத்து நீளம் ஒன்றும் கிடையாது. மத்தியான வெயில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், தட்டிவிட்டு அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துக்கம் வரவில்லை. ஒரு கணக்கு சரியாக வந்த திருப்திதான் வந்தது. மேலே அம்மா, அவள் பெயரும் தேதியும் நிஜம். கீழே அப்பா. அழித்துவிடலாம் என்று நினைத்தாள், எல்லோரும் வந்துவிட்டார்கள், வேறு திரைக்குப் போய்விட்டாள், அழிக்கவில்லை. அது ஏப்ரல். அப்போது அவர் இந்த ஹாலில் பக்கத்தில் வந்து உட்காருவார் என்று யார் கண்டது.

நான்காவது செயலி வந்து போனது, என்னவென்று தெரியவில்லை, எதற்கோ கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். உள்ளங்கை ஈரமாக இருந்ததால் ஓசை வரவில்லை. 2006 ஜூலை 2 ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் முடிந்திருந்தது, ஞாயிறு காலை அவள் வீட்டுக்கு போன் செய்தாள், சொன்னாள், பையன் பெயர் ஜோயல், நாகர்கோவில். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தவும் அழவும் அவளிடம் எல்லாம் தயாராக இருந்தது. "மணி என்ன இப்ப?" என்று கேட்டார். "பத்தே முக்கால்ப்பா." "சரி" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். நேராகக் காவிரிக்குப் போய்த் தலை முழுகினார் என்று ஊரிலிருந்து யாரோ சொன்னார்கள், ஆற்றில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர், உட்கார்ந்து முழுகினாராம். அந்த உட்கார்ந்து என்ற சொல்தான் அவளுக்குள் ரொம்ப நாள் இருந்தது. அதன்பிறகு அம்மாவின் திதி என்றைக்கு என்று சொல்ல அவளுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. முதல் வருஷம் தப்பான நாளில் விரதம் இருந்தாள், வெள்ளிக்கிழமை தெரிந்தது புதன்கிழமையே போய்விட்டதென்று. பஞ்சாங்கம் வாங்கி உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். அதைத்தான் பின்னால் தமீம் பாய் பார்த்துவிட்டு, இது உனக்கு மட்டுமா தேவைப்படும், புதுசா ஒரு போன் வரப்போகுது, அதுல யாரும் இன்னும் எதுவும் செய்யல, முதல்ல போறவங்களுக்குத்தான் இடம் என்றார். போன மாதம் ஒரு நாளிதழில் படத்தோடு செய்தி வந்தது. ஆபீஸ் நம்பரில் ஒரு அழைப்பு, அப்பா. "திதி பாக்குற மாதிரி ஏதோ செஞ்சிருக்கியாமே." நலமா இல்லை, எப்படி இருக்கே இல்லை, பெயர் இல்லை. பாப்பா என்று கூப்பிடுவார் முன்பெல்லாம், கோபம் வந்தால் முழுப்பெயர், இப்போது இரண்டும் இல்லை, நேற்றிலிருந்து பார்க்கிறாள், இந்தா என்கிறார், இங்க பாரு என்கிறார், பெயரைச் சுற்றிக்கொண்டு போகிறார், ரோட்டில் பள்ளத்தைச் சுற்றிப் போகிற மாதிரி. பரவாயில்லை. சாப்பிட்டு முடித்தபின் வரும் என்று நினைத்திருந்தாள். கத்திரிக்காயைப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போடு பாப்பா என்று.

ஐந்து. கையை மடிக்குக் கீழே வைத்துக்கொண்டு தமீம் பாய்க்குச் செய்தி தட்டினாள். அவர் மேடைக்குப் பக்கத்தில் திரைக்குப் பின்னால் நிற்கிறார், ஒவ்வொரு கம்பெனி முதலாளியும் தன் முறை வரும்போது மேலே போய்க் கும்பிட வேண்டும். ஃபைனல் ஒன்றா ரெண்டா, எதை அனுப்பினீங்க. பதில் வரும்வரை அப்பாவின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் கடிகாரம், முள்ளை எப்போதும் உள்பக்கம் பார்த்துக் கட்டுவார். கை எழும்பி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிற்று, வேட்டி நுனியால் துடைத்தது, ஊதித் துடைத்தது, மறுபடி போட்டுக்கொண்டது. அவளுடையதைப் படிப்பதற்காக. தமிழில் வருமா என்று காலையில் கேட்டிருந்தார், தமிழில்தான் வரும் என்று பெருமையாகச் சொன்னாள். இந்தப் பன்னிரண்டில் தமிழில் வரப்போவது அது ஒன்றுதான். அதற்காகவே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்திருந்தால் சி என்று ஒரு எழுத்தும் புள்ளியும் போட்டு முடிந்திருக்கும். போன் மடிக்குள் அதிர்ந்தது. நீ சொன்னதத்தாம்மா, ஃபைனல். ஏன். அவள் தட்டினாள், மாற்ற முடியுமா, அவசரம், என் அப்பா பெயர் இருக்கிறது. பிறகு, எல்லா போனையும் நேத்தே அவங்க ஆளுங்க பூட்டி வச்சிட்டாங்க, நான்கூட இன்னும் தொடல. அப்பா பேர்தானே, நல்லதுதானே. பிறகு, சில விநாடி கழித்து, யா அல்லா. அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும்தான் நடக்கப்போவது நிஜம் என்று உடம்புக்குப் புரிந்தது. காது அடைத்தது. பக்கத்து வரிசையில் யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிறார்கள், அது மட்டும் கேட்கிறது. எழுந்து கத்தலாமா. மின்சாரம் போகலாம். இவ்வளவு பெரிய ஹாலில் ஜெனரேட்டர் இருக்கும், போகாது. போன் பாதியில் நின்றுவிடலாம், முதலில் அனுப்பியது நின்றதே, கடவுளே இதுவும் நிற்கட்டும், ஒரு வருஷ வேலை நூற்றைம்பது பேர் முன்னால் கறுத்துப் போய் நிற்கட்டும், அதற்காகத்தான் ராப்பகலாக உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் அது நிற்காது. நின்றுபோகிற இடத்தைக் கண்டுபிடித்து நேற்றுக் காலை இரண்டு ஃபோல்டரிலும் அவளே சரி செய்துவிட்டாள்.

ஆறு முடிந்து ஏழு. "அப்பா, காபி குடிச்சிட்டு வரலாமா? வெளியில நல்லா போட்டு வச்சிருக்காங்க." "உன்னது ஒம்பதாவதுன்னியே." "வந்துரலாம்ப்பா." "ஒண்ணொண்ணும் நாலு நாலரை நிமிஷம் எடுக்கறான். போய் வரிசையில நின்னு குடிச்சிட்டு வர்றதுக்குள்ள உன் வண்டி போயிடும். இதப் பாக்கத்தானே வந்தேன்?" இதப் பாக்கத்தானே வந்தேன். நேற்று அதைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். "தலை சுத்துதுப்பா எனக்கு." அவர் திரும்பி அவளைப் பார்த்தார், ஒரு பஸ்ஸை ஓட்டலாமா வேண்டாமா என்று பார்க்கிற மாதிரி. "பயம்" என்றார். "மேட ஏறப் போறது உங்க பாய்தானே, நீ இல்லியே? உக்காரு." முன்கூட்டியே சொல்லிவிடலாமா. அப்பா, அதில் உங்கள் பெயர் வரும், எழுத்து நீளத்துக்காகப் போட்டது. தேதி? தேதி எதற்காகப் போட்டது? தேதிக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்க நான்கு நிமிஷம் இருக்கிறது. ஏதோ ஒரு தேதி என்றால் நம்புவாரா, வாழ்க்கை முழுக்க நேரத்தை மட்டுமே எழுதிய ஆள். எட்டாவது வந்தது, ரயில் எங்கே வருகிறது என்று சொல்வது. அப்பாவுக்கு அது பிடித்திருந்தது, முன்னால் சாய்ந்து பார்த்தார், "லேட்டா வர்றதையும் சொல்லுமா?" என்று கேட்டார். சொல்லும் என்று தலையசைத்தாள். பிறந்தவீட்டில் அம்மா சாவு நடந்த அன்றைக்கு அவர் இப்படித்தான், வந்தவர்களிடம் எந்த பஸ்ஸில் வந்தீர்கள், சரியான நேரத்துக்கு எடுத்தானா என்று கேட்டுக்கொண்டு நின்றார். கல் நெஞ்சு என்று அத்தைகள் சொன்னார்கள். அவளும்கூட அப்படித்தான் நினைத்தாள். உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர் கட்டத்தில் எழுத அப்படி ஒரு நினைப்பு உள்ளே எங்கேயோ இருந்திருக்க வேண்டும். வெறும் கோபத்துக்கு ஒரு நாள் போதும், இது நான்கு வருஷம்.

ஒன்பது. தமீம் பாய் மேடைக்கு வந்தார், யாரையும் பார்க்காமல் கும்பிட்டார், அவர் முகம் கழுவி வைத்த மாதிரி வெளுத்திருந்தது. மேடைக்காரன் தொட்டான். வெள்ளைத் துணியில் மஞ்சள் நிறத்தில், ஒருவர் உயரத்துக்கு, தமிழ் விரிந்தது. எழுத்து எங்கேயும் உடையவில்லை. மவுஸும் படமும் இல்லாமல், ஒரு மனிதனின் விரலுக்கு அவள் எழுதியது அசைவதை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். சௌந்தரம், தாய். அதன் கீழே, சிதம்பரநாதன், தந்தை. மறைவு 2006 ஜூலை 2, ஞாயிறு, காலை 10.45. ஆனி வளர்பிறை சப்தமி. அடுத்த திதி 2011 ஜூலை 7, வியாழன். மேடைக்காரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பாருங்கள் எவ்வளவு அழகான எழுத்து, நம் பெரியவர்களை நினைவில் வைத்துக்கொள்ள என்று இங்கிலீஷில் சொன்னான். அரங்கம் தட்டியது. மற்ற எதற்கும் இல்லாத அளவுக்குத் தட்டியது. அவள் திரும்பவில்லை. திரும்பாமலே அப்பாவின் உதடு அசைவதைப் பார்த்தாள், ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமில்லாமல் படிக்கிறார், ஒரு வரி முடிந்து அடுத்த வரி. படித்து முடித்ததும் கை எழும்பிற்று. அடிக்கப் போகிறாரோ என்று ஒரு கணம், பைத்தியக்காரத்தனமாக. கை கண்ணாடியைச் சரி செய்தது.

"ஆனி சப்தமி" என்றார்.

"அப்பா, அது எழுத்து சரியா வருதான்னு பாக்க..."

"கணக்கு சரியாத்தான் வருது." குரல் தணிந்திருந்தது, கோபம் இருக்கும் என்று தேடினாள், கிடைக்கவில்லை. டெப்போவில் வந்த வண்டியைச் சரிபார்த்துக் குறிக்கிற குரல்தான். "நானும் அன்னிக்குத்தான் குடுக்கறேன்."

"யாருக்குப்பா?"

"உனக்கு."

மேடையில் பத்தாவது செயலியின் பெயரைச் சொன்னார்கள்.

"வருஷா வருஷம். இந்த வருஷமும் குடுத்தேன். ஜூன் பதினெட்டு, வெள்ளி. எள்ளு, தண்ணி, எல்லாம் முறப்படிதான்."

ஜூன் பதினெட்டு சரியா என்று அவள் மனசு பார்த்தது. அதைத்தான் முதலில் பார்த்தது, வெட்கம் கெட்ட மனசு. சரி. 2010க்கு அந்தச் செயலி அந்த நாளைத்தான் சொல்லும், சோதித்த அட்டவணையில் அவளே பார்த்திருக்கிறாள். ஜூன் பதினெட்டு வெள்ளிக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன். ஆபீஸ். தமீம் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்த நாளா, அது முந்தின வாரம். ஏதோ சாப்பிட்டிருப்பேன். தயிர்சாதம். மத்தியானம் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பேன், நாற்காலிக்கும் ஸ்டேப்ளருக்கும் நாள் பார்த்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் ஒரு ஐயர் பெயர் என்ன என்று கேட்டிருப்பார், அப்பா சொல்லியிருப்பார். பெயர் சொல்லாமல் கொடுக்க முடியாது. நான்கு வருஷமாக அவர் வாயில் வரவில்லை என்று அவள் நினைத்திருந்த பெயர் வருஷத்துக்கு ஒரு தடவை, எள்ளோடும் தண்ணீரோடும், வந்திருக்கிறது. அதுவும் முழுப்பெயராக. அவளுக்குத் தெரியவில்லை. செத்தவர்களுக்கு எப்படித் தெரியும். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நான் தட்டினேன், நீங்கள் கொடுத்தீர்கள், இரண்டில் எது பெரிசு, என்னுடையதில் தண்ணீர் இல்லை, உங்களுடையதில் கூட்டம் இல்லை, நீங்கள் கொடுத்தது யாருக்குப் போயிற்று, எங்கே போயிற்று, இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரும் யார். ஜூனில் கொடுத்த பிறகு ஏன் கூப்பிட்டீர்கள். பேப்பரில் என் படம் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது. இப்போது எனக்கு இருக்கிற மாதிரியா. கேட்கலாம். பக்கத்தில்தான் இருக்கிறார், தோளோடு தோள், சட்டையில் நீலம் போட்ட வாசனை. அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவதுக்கு எல்லோரும் தட்டியபோது அவரும் தட்டினார், அளவாக, நான்கு தடவை. மடிக்குள் போன் அதிர்ந்தது, தமீம் பாயாக இருக்கும், அல்லது ஜோயல், இலை போடலாமா என்று. எடுக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் சிதம்பரநாதன் வாசலில் காபி வாங்கிக் குடித்தார். இரண்டே கால் மாயவரம் வண்டி கோயம்பேட்டில் சரியாக எடுப்பான் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார்.

2013 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, அவர் வேளச்சேரி வீட்டுக்கு முதன்முதலாக வந்து இரண்டு நாள் தங்கினார்.